தாமிரபரணியில் படகு, கூடாரம், தூண்டில்: முதல் தடவை போகிறவர்களுக்கு

துடுப்புப் படகில் ஆற்றோடு போய், கரையில் கூடாரம் அடித்து, தூண்டிலில் மாட்டிய மீனைச் சுட்டுத் தின்று, இரண்டு மூன்று நாள் கழித்து வீடு திரும்புவது திருநெல்வேலிப் பக்கம் முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். ஆனால் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேரின் முதல் கேள்வி "எந்தப் படகு வாங்கலாம்?" என்பதுதான். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எந்தப் பகுதி, அடுத்து ஆற்றில் எவ்வளவு தண்ணீர், அதற்கப்புறம் யார் யாருக்குக் கடிதம். இந்த மூன்றும் முடிவாகாமல் படகு வாங்கியவர்கள் வீட்டுப் பரணில் அது இன்னும் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது.

நானும் நண்பர்களும் இதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதைத்தான் எழுதியிருக்கிறேன். நீச்சல் தெரியாதவர்கள் முதலில் அதைக் கற்றுக்கொண்டு வாருங்கள். ஆறு எங்கேயும் போய்விடாது.

1. எங்கே ஏறி எங்கே இறங்குவது

மலைக்கு மேலே ஆசைப்படாதீர்கள். காரையாறு, சேர்வலாறு, முண்டந்துறை எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. சொந்தப் படகு, தூண்டில், கூடாரம் என்று எதையும் அங்கே கொண்டுபோய்ப் புழங்க முடியாது. காரையாறு அணையில் (பாபநாசம் அணை என்பதும் இதுதான்) முதலையும் உண்டு. "உள்ளே ஆளைத் தெரியும், பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு விழுந்தால் படகோடு நீங்கள் வந்த வண்டியும் போய்விடும்.

பாபநாசத்திலிருந்து அம்பாசமுத்திரம் வரையும் வேண்டாம் என்பேன். பாறை அதிகம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று அணைக்கட்டுகள் (கால்வாய்க்காக ஆற்றின் குறுக்கே கட்டிய தாழ்ந்த சுவர்கள்) அடுத்தடுத்து வருவதால் படகைத் தூக்கி இறக்கவே பொழுது போய்விடும். போதாததற்குப் பாபநாசம் படித்துறையில் பரிகாரத்துக்காக ஆற்றில் விடும் துணிகள் பாறையில் மாட்டிக் கிடக்கும், துடுப்பில் சுற்றும்.

முதல் தடவைக்கு ஏற்றது அம்பாசமுத்திரம் – கல்லிடைக்குறிச்சி பாலத்துப் பக்கம் இறங்கி, திருப்புடைமருதூர், சேரன்மகாதேவி வழியாக, சுத்தமல்லி அணைக்கட்டுக்கு மேலேயே கரையேறுவது. சாலையில் அம்பாசமுத்திரம் (அம்பை) – நெல்லை 35 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஆறு வளைந்து போவதால் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் திட்டமிட வேண்டாம். இந்தப் பகுதியில் எனக்குப் பிடித்தது தென்கரையை ஒட்டி ஓடும் செங்கோட்டை ரயில் பாதை. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி என்று வரிசையாக நிலையங்கள் உண்டு. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் பாதியில் ஏற்றி அனுப்பிவிடலாம்.

சுத்தமல்லிக்குக் கீழே மாநகரம். சாக்கடை கலக்கிற தண்ணீரில் படகு ஓட்ட எந்த அவசியமும் இல்லை. அடுத்த தடவைக்குச் சிற்றாறு வந்து சேரும் சீவலப்பேரியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை போகலாம். ஆனால் அது தூத்துக்குடி மாவட்டத்துக்குள் போகிறது, கடிதங்கள் எல்லாம் இரட்டிப்பாகும். புன்னைக்காயல் முகத்துவாரத்தில் கடல் ஏற்ற இறக்கம், கடலோரக் காவல் என்று சங்கதியே வேறு. அதை இங்கே தொடவில்லை.

2. எந்த மாதம், எவ்வளவு தண்ணீர்

பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருக்கும். பிசான நெல்லுக்காக அணையிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருக்கும். வெயிலும் இன்னும் கொல்ல ஆரம்பித்திருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் பாதி ஆறு மணலும் பாறையும்தான். ஜூனில் கார் சாகுபடிக்குத் திறந்தால் தண்ணீர் வரும், ஆனால் ஆடிக்காற்றில் கூடாரம் நிற்காது. ஆடி அமாவாசையை ஒட்டிப் பாபநாசம் பக்கம் கூட்டமும் தாங்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நினைக்கவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதும், இந்த ஆறு என்ன செய்தது என்பதும் உள்ளூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்த வெள்ளத்துக்கு முந்தைய செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து மணல் திட்டுகளைக் குறித்து வைக்காதீர்கள். பல இடங்களில் கரையே மாறிவிட்டது.

நாளிதழ்களின் நெல்லைப் பதிப்பில் தினமும் அணை நிலவரம் வரும். எல்லோரும் அணையின் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, அதில் இன்று எத்தனை என்று. படகுக்காரனுக்கு அது முக்கியமில்லை. "வெளியேற்றம் இத்தனை கன அடி" என்று ஒரு எண் இருக்கும், அதைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே எழுதி வையுங்கள். எங்கள் அனுபவத்தில் வினாடிக்கு 1000 கன அடியை ஒட்டி வந்தால் சௌகரியம். 300-க்குக் கீழே போனால் படகில் உட்காருவதைவிட இழுத்துக்கொண்டு நடப்பதுதான் அதிகம். சில ஆயிரங்களைத் தொட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. அணையில் 1000 திறந்தால் சேரன்மகாதேவியில் 1000 இருக்காது. வழியில் ஒவ்வொரு அணைக்கட்டிலும் ஒரு கால்வாய் பிரிகிறது. அம்பைக்கு வருமுன்னே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் கால்வாய்கள் தங்கள் பங்கை எடுத்துவிடும். வயலுக்கு முறை வைத்துத் திறக்கும் வாரங்களில் ஆற்றில் மிஞ்சுவது குறையும். திருப்புடைமருதூரில் கடனாநதி சேர்வதால் அங்கே கொஞ்சம் தெம்பு வரும். அப்புறம் அரியநாயகிபுரத்தில் கோடகன் கால்வாய்க்கு மறுபடியும் ஒரு பங்கு. ஆகவே அணை எண்ணை மட்டும் நம்பாமல், புறப்படுவதற்கு முந்தின நாள் சேரன்மகாதேவிப் பாலத்தில் நின்று கண்ணால் பாருங்கள்.

மாஞ்சோலை மலையில் ஊத்து, நாலுமுக்கு என்று மழைச் செய்தியில் அடிபட்டால் கீழே வானம் வெளுத்திருந்தாலும் ஆற்றில் இறங்காதீர்கள்.

3. கடிதங்கள்

எல்லோரும் தாண்டிப்போக நினைப்பது இதைத்தான். தாண்டாதீர்கள். காரணம் எளிமையானது. இரவில் ஆற்றுக்குள் டார்ச் வெளிச்சம் தெரிந்தால் ஊர்க்காரர்களுக்கும் போலீசுக்கும் முதலில் தோன்றுவது மணல் திருட்டு. விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும்போது கையில் ஒரு முத்திரைத் தாள் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

இன்ன அலுவலகத்தில் இன்ன படிவம் என்று ஒரே சன்னல் கிடையாது. எங்களை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து பழையபடி முதல் அலுவலகத்துக்கும் அனுப்பினார்கள். அதனால் ஒரே மனுவை எழுதி, எல்லோருக்கும் நகல் போட்டு, ஒரே நாளில் கொடுத்துவிடுங்கள்:

- சேரன்மகாதேவி சார் ஆட்சியர் அலுவலகம். இந்தப் பகுதியின் பெரும்பங்கு இவர் எல்லைக்குள் வருகிறது.
- நீர்வளத்துறை, தாமிரபரணி கோட்டம். ஊரில் இன்னும் பி.டபிள்யூ.டி. என்றுதான் சொல்வார்கள். அணைக்கட்டுகள் இவர்கள் பொறுப்பு. அணைக்கட்டுக் கரை வழியாகப் படகைத் தூக்கிக் கடக்கப் போவதை மனுவில் தனியாகக் குறிப்பிடுங்கள். நீர் திறப்பு மாறும் தேதிகளையும் இங்கேதான் கேட்க வேண்டும்.
- அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி காவல் துணைக் கண்காணிப்பாளர்கள். நீங்கள் இரவு தங்கும் எல்லையின் காவல் நிலையங்களுக்கும் ஒரு நகல்.
- மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகம். தூண்டிலுக்கு உரிமம் வேண்டுமா, நீங்கள் போகும் பகுதியில் மீன்பிடி குத்தகை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.
- வனத்துறை, அம்பாசமுத்திரம். திருப்புடைமருதூர் பறவைகள் காப்பிடம் வழியில் வருவதால்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். யார் யார், எத்தனை படகு, எந்தத் தேதியில் எங்கே ஏறி எங்கே இறங்குவது, எந்த ஊர்ப் பக்கம் தங்குவது, கரையில் இருக்கும் ஒரு பொறுப்பாளரின் தொலைபேசி எண். கூடவே நான்கு உறுதிமொழிகள்: மோட்டார் இல்லை, மணலைத் தொட மாட்டோம், மது இல்லை, குப்பையைத் திரும்ப எடுத்து வருவோம். எல்லோருடைய ஆதார் நகலும், கையால் வரைந்த ஒரு வரைபடமும் இணையுங்கள். அந்த வரைபடம்தான் அதிகாரிகளைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைக்கிறது.

கொடுத்த இடத்திலெல்லாம் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "வச்சிட்டுப் போங்க, பார்க்கலாம்" என்றால் வெளியே வந்து அதே மனுவை விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அதைச் சொல்லித் தொடர்ந்து கேட்கலாம். ஆனால் ஒன்று: ஒப்புகை என்பது அனுமதி ஆகாது. எந்தத் துறையாவது எழுத்தில் வேண்டாம் என்றால் போகாதீர்கள், தேதியையோ பகுதியையோ மாற்றி மறுபடி எழுதுங்கள். குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் அந்த ஒரு மாதமும் போதாது.

4. படகும் சாமானும்

கனோ, கயாக் என்று கடினமான ஃபைபர் படகுகள் பார்க்க நன்றாக இருக்கும். வாங்கினால் கொண்டுபோக லாரி வேண்டும், அணைக்கட்டில் தூக்க நாலு பேர் வேண்டும். பரிசல் அக்கரைக்குப் போக நல்லது, கீழ்நோக்கி நெடுந்தூரம் போனால் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு பேர் உட்காரும் காற்றடைத்த கயாக்தான் இங்கே சரி. மடித்தால் ஒரு மூட்டை, ரயிலில்கூட ஏற்றலாம். அடிப்பகுதி தடிமனாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஆற்றில் உடைந்த பாட்டில்கள் இல்லாத படித்துறை கிடையாது. ஒட்டுப்போடும் பசையும் துண்டும், ஒரு கூடுதல் துடுப்பும், காற்றுப் பம்பும் இல்லாமல் இறங்காதீர்கள்.

லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று, படகில் இருக்கும் நேரமெல்லாம் உடம்பில். செருப்பு ஆகாது, பழைய கேன்வாஸ் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் புகாத பைக்குப் பணம் செலவழிக்க மனமில்லை என்றால், மூடி திருகும் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வாங்கிப் படகோடு கட்டிவிடுங்கள். துணி, மாத்திரை, கடிதங்கள் எல்லாம் அதற்குள்.

அமலைச் செடி (ஆகாயத்தாமரை) ஆற்றை அடைத்துக்கொண்டு நிற்கும் இடங்கள் வரும். நடுவில் புகுந்து துடுப்பால் வெட்டி வழி பண்ணலாம் என்று நினைக்காதீர்கள். கரையோரமாக இறங்கி, ஆழத்தைக் கம்பால் குத்திப் பார்த்துக்கொண்டே இழுத்துப் போங்கள்.

5. அணைக்கட்டைக் கடப்பது

இந்தப் பயணத்தில் ஆளைக் கொல்லக்கூடியது இது. பாம்பும் முதலையும் பேச்சுக்குத்தான்.

மேலிருந்து படகில் வரும்போது அணைக்கட்டு கண்ணுக்குத் தெரியாது. அறிகுறிகள் மட்டும் தெரியும். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் திடீரென்று அசைவற்று அகலமாகும். முன்னால் ஆறு ஒரு கோடு போட்டதுபோல முடியும், கோட்டுக்கு அப்பால் மரங்களின் நுனி மட்டும் தெரியும். இரைச்சல் காற்றின் திசையைப் பொறுத்துக் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். அகலமான உடனேயே கரை ஒதுங்கிவிடுங்கள், இரைச்சலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

"உயரம் கொஞ்சம்தானே, சறுக்கிக்கொண்டு போய்விடலாம்" என்று கூட வருகிறவர்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார். சுவரைத் தாண்டி விழுந்த தண்ணீர் அடியில் போய், மேலே எழும்பி, மறுபடி சுவரை நோக்கியே உருளும். லைஃப் ஜாக்கெட் போட்டவரையும் வெளியே விடாமல் அதே இடத்தில் சுற்ற வைக்கும். நல்ல நீச்சல்காரர்கள் சாவது இப்படித்தான்.

எந்தக் கரையில் ஒதுங்குவது என்பதும் முக்கியம். கால்வாய்த் தலைமதகு இருக்கும் பக்கம் தண்ணீர் இழுக்கும். அரியநாயகிபுரத்தில் கோடகன் கால்வாய் இடது கரை, பழவூரில் பாளையங்கால்வாய் வலது கரை, சுத்தமல்லியில் நெல்லைக் கால்வாய் இடது கரை. மதகுக்கு எதிர்க்கரையில் ஏறுவது நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய் மூன்றையும் நேரில் பார்த்து, ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்காகும் பெட்ரோல்தான் மொத்தப் பயணத்தில் மிகவும் பிரயோசனமான செலவு.

இன்னும் இரண்டு: குடிநீர்த் திட்டங்களுக்கான உறைகிணறுகள் ஆற்றுக்குள் நிற்கும், சிலவற்றின் தலை தண்ணீருக்குள் மறைந்திருக்கும். ஓட்டம் படகை அதன்மேல் கொண்டுபோய் அமுக்கும், விலகியே போங்கள். அப்புறம் கசம். முட்டளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போது பழைய மணல் குழி ஒன்று ஆளை முழுங்கும். படகை இழுத்து நடக்கும்போதும் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது என்பது இதனால்தான்.

6. ராத்தங்கல்

மாலை நாலு மணிக்கே இடம் தேடத் தொடங்குங்கள். ஆற்று நடுவில் இருக்கும் மணல் திட்டு அழகாகத்தான் இருக்கும், அதில் படுக்காதீர்கள். மேலே பாபநாசத்தில் நீர்மின் நிலையம் இருக்கிறது, திறப்பு மாறினால் இரவில் மட்டம் ஏறும். கரையோர மரங்களில் பழைய வெள்ளம் விட்டுப்போன குப்பை எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறது என்று பார்த்து, கொஞ்சமாவது மேடான இடத்துக்குப் போங்கள்.

மேடு என்றால் பெரும்பாலும் யாருடைய தோப்போ வாழைத் தோட்டமோதான். கேட்காமல் நுழைவது மரியாதைக் குறைவு மட்டுமில்லை, ஆபத்தும்கூட. காட்டுப்பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்வேலி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். "யாருவே அது?" என்று குரல் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே போய், "அண்ணாச்சி, இன்னைக்கு ஒரு ராத்திரி இந்த ஓரமா தங்கிக்கிடட்டுமா?" என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னவர்கள் குறைவு. பாதிப் பேர் இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள், மீதிப் பேர் எந்தத் தெரு, யார் மகன் என்று விசாரித்து முடிக்க அரை மணி நேரமாகும். இரண்டுக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

படித்துறை, கோயில் மண்டபம், சுடுகாடு, தென்னையின் அடி ஆகியவை வேண்டாம். திருப்புடைமருதூரில் இறங்கிச் சாமி கும்பிடலாம், ஆனால் தங்க வேண்டாம். நீங்கள் போகும் மாதங்களில் அங்கே பறவைகள் கூடு கட்டியிருக்கும். காலையும் மாலையும் படித்துறைகளில் பெண்கள் குளிப்பார்கள். கேமராவை உள்ளே வைத்துவிட்டு எதிர்க்கரையோரமாகப் பேசாமல் கடந்து போங்கள்.

7. தூண்டில்

மீன்வளத்துறையின் பதில் கையில் இருந்தால் மட்டும். தூண்டில் தவிர வேறெதுவும் வேண்டாம். வெடித் தோட்டாவும் விஷமும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம்.

கெண்டைக்கு மைதா உருண்டை, கெளுத்திக்கும் விலாங்குக்கும் மண்புழு, இருட்டிய பிறகு. விராலுக்குப் பொறுமை வேண்டும், அமலை ஓரத்து நிழலில் கிடக்கும். அதிகம் மாட்டுவது ஜிலேபிக் கெண்டைதான், அதைத் தின்பதால் ஆற்றுக்கு நட்டமில்லை. இந்த ஆற்றின் பெயரையே அறிவியல் பெயரில் சுமக்கும் ஒரு கெண்டை உண்டு, டாக்கின்சியா தாம்ப்ரபர்னியை. அழியும் நிலையில் இருக்கிறது. முதுகுத் துடுப்பில் இழை இழையாக நீண்டு தொங்கும் சிறு கெண்டை மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு கழற்றி விட்டுவிடுங்கள். ஆமை மாட்டினாலும் அப்படியே. நீர்நாய் தென்பட்டால் தூண்டிலைச் சுருட்டிவிட்டு வேடிக்கை பாருங்கள், எப்படியும் அதன்பிறகு மீன் கிடைக்காது. கோயில் படித்துறையில் பொரி தின்று வளர்ந்த மீனைத் தொட்டால் ஊர் சும்மா விடாது.

மீனை நம்பி அரிசி எடுக்காமல் போகக் கூடாது.

8. சாப்பாடு, தண்ணீர், உடம்பு

முதல் நாளுக்குப் புளியோதரை. அப்புறம் அவல், கருப்பட்டி, பருப்புப்பொடி, அரிசி. கல்லிடைக்குறிச்சியில் இறங்கும்போதே அப்பளம் வாங்கிக்கொள்ளுங்கள். கனமில்லை, தணலில் சுடலாம், கஞ்சிக்கும் மீனுக்கும் சேரும். காருகுறிச்சி மண்சட்டி ஆசை எனக்கும் உண்டு, படகில் அது தங்காது. அலுமினியம் போதும்.

ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். கரையோர ஊர்களில் குழாய்த் தண்ணீர் கிடைக்கும், கேனில் பிடித்துக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். காலில் வெட்டுக்காயத்தோடு தண்ணீரில் நின்றுவிட்டு, திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் ஆற்றில் இருந்ததைச் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலா என்று பார்ப்பார்கள். பாம்பு கடித்தால் கட்டுப்போட்டு அறுத்துப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிட்டு அம்பை அரசு மருத்துவமனைக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

9. செலவு

நான்கு பேருக்கு, உத்தேசமாக. இருவர் கயாக் ஒன்று 15,000 முதல் 25,000 ரூபாய் வரை, இரண்டு வேண்டும். ஜாக்கெட் ஆளுக்கு 1,000 முதல் 2,000. கூடாரம் இரண்டு, ஒவ்வொன்றும் 3,000-ஐ ஒட்டி. இவை ஒரு தடவைச் செலவு, நாலு பேர் பங்கு போட்டால் வலிக்காது. முடிந்தால் முதல் தடவைக்கு யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

ஒவ்வொரு பயணத்துக்கும் ஆவது: சாமானை அம்பைக்குக் கொண்டுபோகவும் சுத்தமல்லியிலிருந்து திரும்பவும் குட்டியானை வண்டி, சாப்பாடு ஆளுக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய், நகல், தபால். வண்டிக்காரரிடம் திரும்பும் நாளை முன்கூட்டியே சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் முகூர்த்த நாளில் அவர் கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் ஏற்றப் போயிருப்பார்.

10. கரையேறிய பிறகு

படகைப் பிரித்து வெயிலில் காயப்போட்டு மடியுங்கள். மடிப்புக்குள் ஒட்டியிருக்கும் அமலைத் துண்டை எடுத்துப் போடாமல் அடுத்த குளத்துக்குக் கொண்டுபோனால் அங்கேயும் அது பரவும். தகவல் கொடுத்திருந்த எல்லாக் காவல் நிலையங்களுக்கும் அன்றைக்கே போன் பண்ணி, எல்லோரும் கரையேறிவிட்டோம் என்று பெயர் சொல்லித் தெரிவியுங்கள். சொல்லாவிட்டால் மறுநாள் உங்கள் பொறுப்பாளர் வீட்டுக்கு ஆள் வரும்.